வீட்டு இணையப் பொதிகளும் பதிவேற்ற வேகமும்

பொருளொன்றை விலைகொடுத்து வாங்குவோர் அதன் அளவையும் தரத்தையும் ஆராய்ந்து வாங்குதல் உலக வழக்கு. அரிசியாயிற் கொத்துக் கணக்கும், துணியாயின் முழக் கணக்கும் எவர்க்கும் எளிதில் விளங்கும். வீட்டுக்கு வரும் அகலப்பட்டை இணைய இணைப்போ கண்ணாற் காணவும் கையால் அளக்கவும் ஒண்ணாத பண்டம். ஆதலின் அதனை வாங்குவோர் விற்போர் கூறும் எண்ணையே நம்ப வேண்டியவராகின்றனர். 100, 500, 900 என விளம்பரங்களிற் பேரெழுத்தில் ஓர் எண் விளங்கும். அதன் அருகே மாதக் கட்டணம் நிற்கும். எண் பெரிதாயின் பொதியும் சிறந்தது என்பதே பொதுமக்கள் கொள்ளும் முடிபு. இம்முடிபு எவ்வளவிற்குப் பொருந்தும் என்பது ஆராயத்தக்கது. இத்துறையில் விதிகளும் விவாதங்களும் மலிந்த நாடு பிரித்தானியா. ஆதலால் அந்நாட்டு நிலைமையைச் சான்றாகக் கொள்ளுதல் பொருத்தமாகும்.

விளம்பரத்திற் காணும் எண் ஒரு திசைக்கே உரியது. வெளியுலகிலிருந்து வீட்டினுள் வரும் செய்தியின் வேகம் பதிவிறக்க வேகம் எனப்படும். வீட்டிலிருந்து வெளியே செல்வதன் வேகம் பதிவேற்ற வேகம். இரண்டும் செக்கனுக்கு இத்தனை மெகாபிட் என்றே அளக்கப்படுவன. திரைப்படம் பார்ப்பதும் செய்தி வாசிப்பதும் முன்னையதைச் சார்ந்தவை. நிழற்படங்களைத் தொலைவிலுள்ள சேமிப்பகத்துக்கு அனுப்புவதும், காணொளி வாயிலாக உரையாடுவதும் பின்னையதையும் வேண்டி நிற்பன. இலண்டனிலிருந்து மகன் யாழ்ப்பாணத்திலுள்ள தாயுடன் முகம் பார்த்துப் பேசுகின்றான் என்று கொள்க. அவன் முகம் தாயின் கண்ணுக்குத் தெளிவாய்த் தோன்றாது கட்டங்கட்டமாய்ச் சிதறுமாயின், குற்றம் தாயின் இணைப்பிலேதான் உள்ளதென்று கொள்ளுதல் வழக்கம். பல வேளைகளில் அது மகனின் பதிவேற்றக் குறையாகவும் இருத்தல் கூடும். அவன் வீட்டுப் பொதியின் பேரெழுத்து எண் அவ்வேளையில் அவனுக்கு உதவுவதில்லை.

இவ்விரு வேகங்களும் ஒத்த அளவினவாய் அமையாது போனமைக்குத் தக்க காரணம் ஒரு காலத்தில் இருந்தது. தொலைபேசிக்கென இடப்பட்ட செப்புக் கம்பிகளைக் கொண்டே முதலில் அகலப்பட்டை இணையம் வீடுகளை அடைந்தது. பல நூறு வீடுகளின் கம்பிகள் தொலைபேசி நிலையத்தை அணுகுங்கால் ஒரே கட்டாகச் சேர்கின்றன. அவ்விடத்தில் நிலையத்திலிருந்து புறப்படும் மின்குறிகள் மிக்க வலிமையுடையன. வீடுகளிலிருந்து நெடுந்தூரம் நடந்து வந்து சேர்பவையோ மெலிந்தன. இருவகையும் ஒரே அதிர்வெண்ணிற் செல்லுமாயின், வலிய குறி அயற் கம்பியிற் கசிந்து மெலிந்த குறியை மூழ்கடித்துவிடும். சந்தையின் நடுவே உரத்துக் கூவும் வியாபாரியின் அருகில் நின்று, தொலைவில் உள்ளவர் மெல்லக் கூறுவதைக் கேட்க முயல்வது போன்றது இது. வீட்டுப் பக்கத்திலோ கம்பிகள் பிரிந்து தனித்தனியே செல்வதால் இவ்விடர் குறைவு.

அமெரிக்காவில் பெல்கோர் ஆய்வுகூடத்திற் பணியாற்றிய யோசேப்பு லெக்லைடர் என்பார் 1980களின் பிற்பகுதியில் இதனை நுணுகி ஆராய்ந்தார். இரு திசைக்கும் சமபங்கு அளிக்க முற்படின் இரண்டும் கெடும். வீடு நோக்கிய திசைக்குப் பெரும்பங்கும் மறுதிசைக்குச் சிறுபங்கும் ஒதுக்கின் மொத்தப் பயன் மிகும் என்பது அவர் கண்ட உண்மை. அவ்வடிப்படையில் எழுந்ததே ஏடிஎஸ்எல் எனும் முறை. அதன்கண் ஏறத்தாழ 26 தொடக்கம் 138 கிலோஹேர்ட்ஸ் வரையுள்ள குறுகிய பட்டை பதிவேற்றத்துக்கும், அதற்கு மேல் 1,104 கிலோஹேர்ட்ஸ் வரையுள்ள அகன்ற பட்டை பதிவிறக்கத்துக்கும் வகுக்கப்பட்டன. வீடு நோக்கிச் செக்கனுக்கு 8 மெகாபிட் வரை செல்லக்கூடிய கம்பியில் வெளிநோக்கி ஒரு மெகாபிட்டளவே சென்றது. கம்பி வழியே வீடுகளுக்குத் திரைப்படம் அனுப்பிப் பொருளீட்டலாம் எனத் தொலைபேசிக் கம்பனிகள் கனவு கண்ட காலம் அது. வீடு என்பது பெறும் இடம், கொடுக்கும் இடமன்று என்ற எண்ணம் கருவியின் அமைப்பிலேயே பதிந்துவிட்டது.

கேபிள் தொலைக்காட்சிக் கம்பிகளிலும் இதுவே நடந்தது. ஐரோப்பாவில் 5 தொடக்கம் 65 மெகாஹேர்ட்ஸ் வரையுள்ள சிறு பட்டையே நெடுங்காலம் வெளிச்செல்லும் வழியாயிற்று. அதனையும் ஒரு தெருவார் பலர் பங்கிட வேண்டியிருந்தது. வேர்ஜின் மீடியா 2019 ஆம் ஆண்டில் அறிமுகஞ்செய்த பொதியின் பதிவிறக்க வேகம் 1,100 மெகாபிட்டுக்கு மேற்பட்டது. பதிவேற்றமோ 52 மெகாபிட். இருபதுக்கு ஒன்று என்னும் இவ்விகிதம் விளம்பரத்திற் பெரிதாய்ச் சொல்லப்படவில்லை என்பதில் வியப்பில்லை.

வீடு பெறும் இடமே என்ற கொள்கை சோதனைக்குள்ளான நாளொன்று உண்டு. பிரித்தானியாவில் எக்குடும்பமும் தரக்குறைவற்ற இணைய இணைப்பைக் கோரிப் பெறும் சட்ட உரிமை 2020 ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 20 ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. இணைப்புச் செலவு 3,400 பவுணுக்கு மேற்படாதவிடத்து அவ்வுரிமை செல்லும். தரக்குறைவற்றது என்பதன் பொருள் யாதெனின், பதிவிறக்கம் 10 மெகாபிட், பதிவேற்றம் 1 மெகாபிட் என்பதாம். அதே நாள் மாலையிற்றான் கொரோனாக் கொள்ளைநோய் காரணமாக இங்கிலாந்துப் பாடசாலைகள் பெரும்பாலான மாணவர்க்கு மூடப்பட்டன. மூன்று நாள் கழித்து மக்கள் வீட்டினுள் இருக்குமாறு கட்டளை பிறந்தது. தந்தை ஓரறையில் அலுவலகக் கூட்டத்திலும், தாய் மற்றோரறையில் தன் பணியிலும், பிள்ளை சமையலறை மேசையிற் பாடத்திலும் அமர்ந்தனர். தெளிவான காணொளி உரையாடலில் ஒருவர் முகத்தை அனுப்ப 3 அல்லது 4 மெகாபிட் வேண்டும். மூவர்க்கு 10க்கு மேற்படும். சட்டம் உறுதிசெய்ததோ ஒன்று. ஆசிரியரின் வினாவுக்கு விடை சொல்லும் பிள்ளையின் குரல் அறுந்தறுந்து கேட்குமாயின் அப்பிள்ளை விரைவில் விடை சொல்லாமலே இருக்கப் பழகிவிடும். இஃது எந்தப் புள்ளிவிபரத்திலும் ஏறாத இழப்பு.

அமெரிக்காவில் 2015 ஆம் ஆண்டு அகலப்பட்டை என்பதற்கு 25 மெகாபிட் பதிவிறக்கமும் 3 மெகாபிட் பதிவேற்றமும் இலக்கணமாயிருந்தன. 2024 மார்ச்சில் அது 100, 20 என மாற்றப்பட்டது. முன்னையது நான்கு மடங்கும் பின்னையது ஏறக்குறைய ஏழு மடங்கும் உயர்த்தப்பட்டமை கவனித்தற்குரியது.

வேக வேறுபாடு நடைமுறையில் என்ன செய்யும் என்பதை ஒரு சிறு கணக்கால் உணரலாம். ஒரு குடும்பத்தின் நிழற்படங்களும் காணொளிகளும் 100 கிகாபைட் எனக் கொள்க. ஒரு பைட் எட்டுப் பிட் ஆதலின் இது 8,00,000 மெகாபிட் ஆகும். 1 மெகாபிட் வேகத்தில் இதனைச் சேமிப்பகத்துக்கு அனுப்ப ஒன்பது நாளும் ஆறு மணித்தியாலமும் செல்லும். 10 மெகாபிட்டில் இருபத்திரண்டு மணித்தியாலத்துக்கு மேல். 110 மெகாபிட்டில் இரண்டு மணித்தியாலம். 1,000 மெகாபிட்டிற் பதின்மூன்று நிமிடமும் சில செக்கன்களும். பிட்டையும் பைட்டையும் மயங்கிக்கொண்டு, 900 மெகாபிட் இணைப்பில் 900 மெகாபைட் ஒரு செக்கனில் வருமென எண்ணுவோர் பலர். வருவது 112 மெகாபைட்டே.

மேலும், பதிவேற்ற வழி நெரிசலுறின் பதிவிறக்கமும் தளரும். இணையத்திற் செய்தி பெரும்பாலும் பதிவுத் தபால் போலவே செல்கின்றது. ஒவ்வொரு சிறு பொட்டலமும் வந்து சேர்ந்ததற்கு வீட்டிலிருந்து பற்றுச்சீட்டு திரும்பிச் செல்லல் வேண்டும். அது தாமதிப்பின் அனுப்புவோர் அடுத்த பொட்டலங்களை விரைந்து அனுப்பார். ஒருவர் கைப்பேசி நிழற்படங்களை வெளியே அனுப்பிக்கொண்டிருக்க, மற்றவர் பார்க்கும் திரைப்படம் இடையிடையே நின்றுபோதல் இதனாலாம். அதிக விலையுள்ள பொதியை வாங்கியும் பழைய துன்பம் நீங்கவில்லை என முறையிடும் இல்லத்தார் சிலர் இக்காரணத்தை அறியார்.

செப்புக் கம்பிக்குச் சொல்லப்பட்ட நியாயம் ஒளியிழைக்குப் பொருந்துமா என்பது இனி எழும் வினா. கண்ணாடி இழையில் ஒளியே செய்தியைச் சுமக்கின்றது. அயலிழையிற் கசிவு என்பது இல்லை. பிரித்தானியாவிற் பெரிதும் இடப்பட்ட ஜிபொன் என்னும் முறையில் ஓரிழையைப் பல வீடுகள் பங்கிடுகின்றன. அவ்விழையின் மொத்த ஆற்றல் வீடு நோக்கிச் செக்கனுக்கு ஏறத்தாழ 2,500 மெகாபிட். வெளி நோக்கி 1,250 மெகாபிட். எனவே கருவி அனுமதிக்கும் விகிதம் இரண்டுக்கு ஒன்று. ஆயினும் ஓப்பன்றீச் வலையமைப்பின்வழி நெடுங்காலம் விற்கப்பட்ட பெயர்பெற்ற பொதியோ 900 மெகாபிட் பதிவிறக்கமும் ஏறத்தாழ 110 மெகாபிட் பதிவேற்றமும் கொண்டது. விகிதம் எட்டுக்கு ஒன்று. இவ்விடைவெளி இயற்கை விதித்ததன்று, வணிகம் விதித்தது. இரு திசையும் சமவேகமுள்ள இணைப்பை வர்த்தக நிலையங்களுக்கு மிகுவிலையில் விற்கும் கம்பனிகள், அதனை வீட்டுக்குக் குறைந்த விலையில் வழங்கத் தயங்குதல் எதிர்பார்க்கத்தக்கதே. பெரும்பாலான வீடுகள் அனுப்புவதிலும் பெறுவதே மிகுதி என அவர்கள் கூறும் மறுமொழியும் பொய்யன்று. ஆனால் குறுகிய வாயிலை வைத்துவிட்டு, அதன்வழி வெளியே செல்வோர் சிலரே என்று எண்ணிக் காட்டுவது முழுமையான வாதமாகாது. எக்ஸ்ஜிஎஸ்-பொன் எனும் பிந்திய முறையில் இரு திசைக்கும் 10,000 மெகாபிட் ஆற்றல் உண்டு. அதன் தரநிலை 2016 ஆம் ஆண்டிலேயே வெளிவந்தது.

இனி விலை. மிகத் தெளிவான திரைப்படம் ஒன்றுக்கு 25 மெகாபிட் போதியது. நால்வர் நான்கு அறைகளில் நான்கு படம் பார்ப்பினும் 100 மெகாபிட்டே வேண்டும். அதற்கு மேல் 900 வரை செலுத்தும் பணத்துக்கு எய்தும் பயன், பெரிய விளையாட்டு மென்பொருள்களை விரைந்து இறக்குதல் போன்ற சிலவே. அன்றியும், வேகம் வீட்டு வாயில் வரை வந்தாலும் உள்ளே வைஃபை வழியாகச் சுவர்களைத் தாண்டும்போது பெரிதும் தேய்ந்துவிடுகின்றது. மூலையறையிற் கிடைப்பது சிற்சில வேளை வாயிலில் வந்ததன் பத்திலொன்றும் ஆகாது. இந்நிலையில் நூறு ரூபாய்க்குப் பால் வாங்கித் துளையுள்ள செம்பிற் கொண்டுவருவோர் நினைவுக்கு வருவர். ரவுட்டரை வீட்டின் நடுவே வைத்தலும், மேசைக் கணினிக்குக் கம்பி இடுதலும் பொதியை உயர்த்துவதினும் பயன்றரும்.

விளம்பரங்களை நெறிப்படுத்த முயற்சிகள் நடந்துள்ளன. முன்னர், வாடிக்கையாளருள் நூற்றுக்குப் பத்துப்பேர் பெறக்கூடிய வேகத்தை 'இவ்வளவு வரை' என விளம்பரஞ்செய்ய இடமிருந்தது. 2018 மே மாதந் தொடக்கம், நெரிசல் மிக்க இரவு எட்டு முதல் பத்து மணி வரையிற் பாதிப்பேராவது பெறும் வேகத்தையே கூறல் வேண்டுமென விதிக்கப்பட்டது. இதுவும் பதிவிறக்க எண்ணையே கருத்திற் கொண்டது. தொடர்பாடற்றுறையை ஒழுங்குபடுத்தும் ஒஃப்கொம் 2019 மார்ச்சில் நடைமுறைப்படுத்திய நெறிக்கோவையின்படி, அதில் இணைந்த கம்பனிகள் ஒப்பந்தத்துக்கு முன் குறைந்தபட்ச வேகத்தை உறுதிசெய்தல் வேண்டும். வேகம் அதனிலும் தாழ்ந்து, முப்பது நாளிற் சீர்செய்யப்படாவிடின் வாடிக்கையாளர் தண்டமின்றி விலகலாம். அவ்வுறுதியும் பதிவிறக்கத்துக்கே, பதிவேற்றத்துக்குக் கிடைப்பது மதிப்பீடு மாத்திரமே.

கட்டணமும் கூறியபடி நிற்பதில்லை. பதினெட்டு அல்லது இருபத்துநான்கு மாத ஒப்பந்தத்தின் இடையே, பணவீக்கத்தோடு மேலும் ஒரு வீதத்தைக் கூட்டி விலையேற்றும் வழக்கம் பரவியிருந்தது. 2023 ஆம் ஆண்டிற் பெருங்கம்பனிகள் சிலவற்றின் வாடிக்கையாளர்க்கு ஒரேயடியாக நூற்றுக்கு 14.4 வீதம் ஏறிற்று. 2025 ஜனவரி 17 தொடக்கம் செய்யப்படும் புதிய ஒப்பந்தங்களில் இத்தகைய ஏற்றத்தை வீதத்தாற் கூறாது, பவுண் பென்சுக் கணக்கில் முன்னரே கூறல் வேண்டும் என ஒஃப்கொம் பணித்தது. ஆகவே பொதியின் பெறுமதியை ஆராய்வோர் முதல்மாத விலையை விட்டு, ஒப்பந்த காலம் முழுவதுக்கும் ஆகுந் தொகையைக் கூட்டி, அதனைப் பதிவேற்ற எண்ணோடு வைத்து நோக்குதல் தக்கது. 150 மெகாபிட் பொதிக்கும் 900 மெகாபிட் பொதிக்கும் உள்ள வேறுபாட்டிற் சில வீடுகள் உண்மையில் விலைகொடுத்துப் பெறுவது 30லிருந்து 110க்கு உயரும் பதிவேற்றமேயாகும். மற்றையது கூடவே வரும் சுமை.

வேறு வழியும் உண்டு என்பதற்கு வட இங்கிலாந்தின் லங்காசயர்ப் பகுதி சான்று. பெருங்கம்பனிகள் இலாபமில்லையென ஒதுக்கிய லூன் பள்ளத்தாக்கின் சிற்றூர்களில், வலையமைப்பு வல்லுநரான பரி ஃபோட் முதலியோரின் முயற்சியால் 2011 இற் சமூக நலச் சங்கமொன்று தோன்றிற்று. அதன் பெயர்ச் சுருக்கத்தைப் 'பார்ன்' என ஒலிப்பர். ஆங்கிலத்தில் அது கமக்காரரின் களஞ்சியத்தையும் குறிக்கும் சொல். ஊரவர் பங்குகளை வாங்கிப் பணம் சேர்த்தனர். கமக்காரர் தம் வயல்களினூடே இழை செல்ல இலவசமாய் இடம் விட்டனர். பலர் மண்வெட்டியுடன் தாமே இறங்கி வாய்க்கால் வெட்டினர். வீதிகளைக் கிண்டும் பெருஞ்செலவு இவ்வாறு பெரிதும் நீங்கியது. ஒவ்வொரு வீட்டுக்கும் செக்கனுக்கு 1,000 மெகாபிட் வேகம் இரு திசையிலும் சமமாய்க் கிடைத்தது. இணைப்புக் கட்டணம் 150 பவுண். மாதக் கட்டணம் தொடக்கத்தில் 30 பவுண், பின்னர் 33. பதிவேற்றத்துக்கென வேறாக ஒரு விலை அங்கே கேட்கப்படவில்லை.