சொல்லாத காதலுக்கு 90 செக்கன்

பாடசாலை விட்டு வீடு திரும்பும் ஒரு பெடியன். பக்கத்திலேயே அவனைச் சீண்டிக்கொண்டு வரும் ஒரு பெட்டை. சைக்கிள், ஒழுங்கை, எட்டிப் பார்த்தால் கடல். மன்னாரின் பேசாலையிலும் தாழ்வுபாட்டிலும் அன்றாடம் காணக்கூடிய காட்சிதான். ஆனால் இது ‘தகாகி சான்’ என்ற ஜப்பானிய அனிமே. மூலக் கதையை வரைந்த சோய்சிரோ யமமோட்டோவின் சொந்த ஊர் ஷோதோஷிமா என்ற தீவு. தொடரின் காட்சிகளும் அந்தத் தீவைப் பார்த்து வரையப்பட்டவையே.

2018 ஜனவரியில் ஒளிபரப்பான முதல் பருவம் முழுக்கத் தகாகி என்ற அந்தப் பெட்டை, நிஷிகதா என்ற அந்தப் பெடியனைக் கேலி செய்துகொண்டே இருக்கிறாள். பிடித்திருக்கிறது என்று மட்டும் வாய் திறந்து சொல்வதில்லை. கதை முடிந்து பெயர்கள் ஓடத் தொடங்கும்போது ஒரு காதல் பாட்டு வருகிறது. பாடுவது தகாகிக்குக் குரல் கொடுத்த ரியே தகாஹாஷி. பாட்டும் புதிதல்ல, 1990களிலும் 2000களிலும் ஜப்பானில் எல்லோர் வாயிலும் இருந்த பாட்டுகளை அவர் திரும்பப் பாடுகிறார். சில வாரங்களுக்கு ஒருமுறை பாட்டு மாறும். அவள் மனதில் கிடப்பது அங்கேதான் வெளியே வருகிறது.

காதல் நகைச்சுவை அனிமேக்களில் இந்த வேலைப் பிரிவினை அடிக்கடி தென்படும். தொடக்கப் பாட்டு ஊருக்குக் காட்டும் முகம்: ஓட்டம், சிரிப்பு, ஆளாளுக்கு ஒரு அறிமுகம். முடிவுப் பாட்டு கதவைச் சாத்திவிட்டு ஒருத்தி தனியே இருக்கும் நேரம். ஏறக்குறைய 24 நிமிட அங்கம் ஒன்றில் இரண்டுக்கும் தலா 90 செக்கன்தான். பாட்டின் முழு வடிவம் தனியே வெளிவரும். தயாரிப்புக்குப் பணம் போடும் கூட்டில் இசை நிறுவனங்களும் பெரும்பாலும் பங்காளிகள் என்பதால், தொடர் பாட்டை விற்கும், பாட்டு தொடரை விற்கும்.

முன்னுக்கு ஒரு பாட்டு, பின்னுக்கு ஒரு பாட்டு என்ற ஒழுங்கு மன்னாருக்குப் பழக்கமானதுதான். நாட்டுக்கூத்து காப்போடு தொடங்கும். கட்டியகாரன் வந்து அரசன் வரவை அறிவிப்பான். மங்களம் பாடி ஆட்டம் நிறையும். பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் பதிப்பித்த ‘மூவிராசாக்கள் நாடகம்’ போன்றவை இந்தப் பகுதியில் ஆடப்பட்டவை. ஆனால் மங்களம் சபை முழுவதற்குமாகப் பாடப்படுவது. அனிமேயின் முடிவுப் பாட்டோ பல வேளை ஒரே ஒரு பாத்திரத்தின் பாட்டு.

2008 ஒக்டோபரில் தொடங்கிய ‘டொராடொரா’ என்ற தொடர் இந்த வேலைப் பிரிவினையை நன்றாகக் கையாண்டது. முதற் பாதியின் தொடக்கப் பாட்டை மூன்று நாயகிகளின் குரல் நடிகைகளும் சேர்ந்து பாடுகிறார்கள். முடிவுப் பாட்டு யுயி ஹோரியேயுடையது. அவர் குரல் கொடுத்த மினோரி, எந்நேரமும் கலகலவென்று திரிந்து மனதைக் காட்டாத பெண். இரண்டாம் பாதியில் எல்லாம் தலைகீழ்: ஹோரியேயின் தனிக்குரல் தொடக்கத்துக்குப் போகிறது, மூவரும் சேர்ந்து பாடுவது முடிவுக்கு வருகிறது. கதையும் அந்த நேரத்தில்தான் மூவரின் மனப்போருக்குள் இறங்குகிறது.

விதியை உடைத்தவர்களும் உண்டு. ‘ககுயா சாமா’ (2019) காதலை முதலில் சொல்பவர் தோற்றவர் என்று நம்பும் இரண்டு கெட்டிக்கார மாணவர்களின் கதை. தொடக்கப் பாட்டைப் பாடியவர் மசயுகி சுசுகி, 1980இல் அறிமுகமாகி அப்போது அறுபதைக் கடந்திருந்த சோல் பாடகர். பள்ளிப் பிள்ளைகளின் வீம்பை அந்த முதிர்ந்த குரல் ஏதோ உலக யுத்தம் போல முழங்க, சிரிப்பு அங்கேயே தொடங்கிவிடுகிறது. மூன்றாம் அங்கத்தின் கடைசியில் இன்னொரு குறும்பு: கதையோடு ஒட்டாமல், சிகா என்ற தோழி தனியே ஆடிப் பாடுகிறாள். நிஜ ஆட்டத்தைப் படமெடுத்து, அதைப் பார்த்து நவோயா நகயாமா என்ற ஓவியர் வரைந்தது அது. அவள் திரும்பும்போது பாவாடை ஒரு கணம் பிந்தித் திரும்பும். தலைமுடி அதற்கும் பிந்தி வரும். அந்த ஒரு அங்கத்துக்காக வரைந்த ஆட்டத்தை உலகம் முழுவதும் இரசிகர்கள் ஆடிப் பதிவேற்றினார்கள்.

இன்னும் பழைய துணிச்சல் ‘மேசன் இக்கோகு’. இளம் விதவை ஒருத்தியை, அவள் பராமரிக்கும் விடுதியில் வாடகைக்கு இருக்கும் மாணவன் காதலிக்கும் கதை. 1986இல் அதன் 24ஆம் அங்கத்துக்கு மட்டும், அயர்லாந்துப் பாடகர் கில்பர்ட் ஓ’சல்லிவனின் ஆங்கிலப் பாட்டு தொடக்கமாக வந்தது. தனிமையைப் பற்றிய பாட்டு. அடுத்த அங்கத்தில் பழைய பாட்டே திரும்பிவிட்டது.

இன்று கைபேசியில் பார்ப்பவர்களுக்குப் பாட்டைத் தாண்டிச் செல்ல ஒரு பொத்தான் இருக்கிறது. சில தளங்கள் முடிவுப் பாட்டு தொடங்கும்போதே அடுத்த அங்கத்துக்குத் தாவிவிடும். புதிதாகப் பார்க்கத் தொடங்குபவர்கள் அந்தத் தானியங்கி வசதியை நிறுத்திவிட்டு, தகாகியின் முதற் பருவத்திலிருந்து தொடங்கலாம். முடிவுப் பாட்டுகளை மட்டும் வரிசையாகக் கேட்டாலே, அவள் நிஷிகதாவிடம் மறைத்த பாதிக் கதை கிடைத்துவிடும்.