கூட்டத்துக்கு வராமல் போன பெரியவர்

உங்கள் ஊர் உழவர் குழுவின் பதிவேட்டை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். குழு தொடங்கிய அன்று கையெழுத்துப் போட்டவர்களில் எத்தனை பேர் போன மாதக் கூட்டத்துக்கு வந்தார்கள்? தலைகளின் எண்ணிக்கை குறைந்திருக்காது. அப்பாவுக்குப் பதில் மகன், அண்ணனுக்குப் பதில் தம்பி என்று யாராவது வந்து உட்கார்ந்திருப்பார்கள். ஆனால் அது பழைய குழுதானா? இந்தக் கேள்வி எனக்குத் தோன்றுவதற்குள் இரண்டு கறவை மாடுகள் செத்துப்போயின. அதில் என் பங்கும் உண்டு என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

திருப்பூருக்குப் பக்கத்தில் உள்ள முதலிபாளையத்தை உங்களில் பலர் சிட்கோ தொழிற்பேட்டைக்காகவும் பின்னலாடைக் கல்லூரிக்காகவும் அறிந்திருப்பீர்கள். அங்கிருந்து கொஞ்சம் உள்ளே போனால் இன்னும் சோளக்காடுகள் உண்டு. கிளுவை வேலி போட்ட கொறங்காடுகள் உண்டு. கட்டுத்தரையில் இரண்டு மாடு இல்லாத தோட்டத்து வீடு குறைவு. அந்தப் பக்கத்துக் குழு ஒன்றுக்குச் சில ஆண்டுகளாகத் தீவனப் பயிர் ஆலோசனைக்காகப் போய் வருகிறேன்.

தொடக்கத்தில் அது உற்சாகமான குழு. 20 பேரில் பாதிக்கு மேல் 50 வயது தாண்டியவர்கள். செவ்வாய்க்கிழமை காலை 11 மணிக்கு வேப்பமரத்தடியில் கூடுவோம். நான் பேசிக்கொண்டிருக்கும்போதே குறுக்கே கேள்வி வரும். குறிப்பாக ஒரு பெரியவர், எதைச் சொன்னாலும் ஓரத்தில் இருந்து, “அது செரிங்க அம்மிணி, ஆனா…” என்று ஆரம்பிப்பார். அந்த ‘ஆனா’வுக்குப் பிறகு வருவது எந்தப் பாடப்புத்தகத்திலும் கிடைக்காது. எந்தக் காட்டில் தண்ணீர் நிற்கும், எந்த மழைக்கு விதைக்கக் கூடாது, எந்தத் தீவனத்தை எப்போது மாட்டுக்குக் காட்டக் கூடாது என்பதெல்லாம் அவர் வாயால் வந்தவை.

மூன்று நான்கு ஆண்டுகளில் ஆட்கள் மாறினார்கள். இரண்டு பேர் காட்டை மனை போட்டு விற்றுவிட்டுப் போனார்கள். சிலர் மகனை அனுப்பினார்கள். அந்த மகன்கள் பனியன் கம்பெனியில் ஒன்றரை ஷிப்ட் பார்ப்பவர்கள். செவ்வாய்க்கிழமை காலையில் அவர்களால் வர முடியாது. அதனால் கூட்டத்தை இரவு எட்டரை மணிக்கு மாற்றினோம். நியாயமான மாற்றம்தான். ஆனால் சைக்கிளில் வந்துகொண்டிருந்த பெரியவர் அந்த மாதத்தோடு நின்றுபோனார். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

அன்று நடந்தது

ஒரு கோடைக் கூட்டத்தில் பல முறை அறுக்கும் தீவனச் சோளமான கோ.எப்.எஸ். 29 பற்றிப் பேசினேன். விதையளவு, பாத்தி, உரம், விளைச்சல் எல்லாம் சொல்லி ஒரு பக்கத் தாளும் கொடுத்தேன். கேள்வி எதுவும் வரவில்லை. எல்லோரும் தலையாட்டினார்கள். ‘இன்றைக்கு நன்றாகப் புரிந்திருக்கிறது’ என்று மகிழ்ச்சியோடு வீடு திரும்பினேன்.

அந்தத் தாளில் ஒரு வரி விடுபட்டிருந்தது. இளம் சோளத்தை மாட்டுக்குக் காட்டாதீர்கள் என்ற வரி. எனக்குத் தெரியாத விஷயம் இல்லை. முன்பெல்லாம் அதை நான் சொல்ல வேண்டிய அவசியமே வரவில்லை. சோளம் என்று வாய் திறந்தாலே பெரியவர் அதைச் சொல்லிவிடுவார். அவர் சொல்வதையே என் பேச்சின் ஒரு பகுதியாக எண்ணிப் பழகியிருந்தேன்.

புதிதாக மாடு வாங்கிய ஓர் இளைஞர், கம்பெனி வேலைக்கு நடுவே கால் ஏக்கரில் அந்தச் சோளத்தைப் போட்டார். முதல் அறுப்பு முடிந்தது. மறுதாம்பு துளிர்க்கும் நேரத்தில் கிணற்றில் தண்ணீர் இல்லை. பயிர் வாடி முழங்கால் உயரத்தில் நின்றது. பிறகு ஒரு சின்ன மழை பெய்தது. பச்சையாகத் துளிர் கிளம்பியதும், ‘வீணாகப் போக வேண்டாமே’ என்று மாடுகளை அவிழ்த்து விட்டார். ஒரு மணி நேரத்துக்குள் இரண்டும் மூச்சிரைத்து, தள்ளாடி விழுந்தன. கால்நடை மருத்துவர் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. இரண்டும் கடன் வாங்கிப் பிடித்த மாடுகள்.

சோளத்தில் என்ன விஷம்?

சோளப்பயிரில் இயற்கையாகவே டூரின் என்ற பொருள் உண்டு. மாடு மென்று தின்னும்போது அது சிதைந்து ஹைட்ரோ சயனிக் அமிலம் உண்டாகிறது. இது ரத்தத்தில் கலந்தால், உடலின் செல்கள் ஆக்சிஜனைப் பயன்படுத்த முடியாமல் போகும். ரத்தத்தில் ஆக்சிஜன் இருந்தும் மாடு மூச்சுத் திணறும். அதனால்தான் வாயின் உட்புறமும் கண் இமையின் உட்புறமும் பளிச்சென்ற சிவப்பாகத் தெரியும்.

இளம் பயிர், வறட்சியில் குன்றிய பயிர், அறுத்த கட்டையில் கிளம்பும் துளிர், அதிகம் யூரியா இட்ட பயிர் ஆகியவற்றில் இந்த விஷம் கூடுதல். வளர வளரக் குறையும். பூக்கும் பருவத்தில் அறுத்துப் போடுவது பாதுகாப்பு. கோ.எப்.எஸ். 29 ரகத்தை முதல் முறை விதைத்த 65-ம் நாளிலும், அடுத்தடுத்து 50 நாள் இடைவெளியிலும் அறுக்கப் பரிந்துரைக்கிறோம். வாடிய பயிருக்கு இந்த நாள் கணக்கு மட்டும் போதாது. மழையோ பாசனமோ கிடைத்து நன்றாக எழுந்து வளர்ந்த பிறகே அறுக்க வேண்டும். நன்கு உலர்த்தினால் விஷம் பெருமளவு குறையும். பசித்த மாட்டைச் சோளக்காட்டில் அவிழ்த்து விடவே கூடாது.

அறிகுறி தெரிந்தால் மாட்டைக் காட்டிலிருந்து வெளியேற்றி, உடனே கால்நடை மருத்துவரை அழையுங்கள். கால்நடை ஆம்புலன்ஸ் எண் 1962. மாற்று மருந்தை ரத்தக் குழாயில் ஊசி வழியாக மருத்துவர்தான் செலுத்த வேண்டும். மூச்சிரைக்கும் மாட்டின் வாயில் எதையாவது ஊற்றினால் நுரையீரலுக்குள் போய்விடும்.

எண்ணிக்கை குறையாமலே குழு மாறும்

மாடுகள் செத்த பிறகு பழைய கூட்டக் குறிப்புகளைப் புரட்டினேன். முதல் ஆண்டில் வந்த கேள்விகள் பயிர், மண், மாடு பற்றியவை. கடைசி ஆண்டில் வந்தவை மானியம் எப்போது வரும், ரோட்டவேட்டர் வாடகை எவ்வளவு என்பவை. இவையும் தேவையான கேள்விகள்தான். ஆனால் முதல் வகைக் கேள்வி நின்றுபோனதை நாங்கள் கவனிக்கவில்லை.

இன்னொன்றும் தெரிந்தது. பெரியவர் நின்ற பிறகு, சந்தேகங்களுக்குப் பதில் சொல்ல ஒரே ஒருவர் மிஞ்சினார். எல்லோரும் அவரிடமே போனார்கள். ஆறு மாதத்தில் அவரும் சலித்து வருகையைக் குறைத்துக்கொண்டார். அதன் பிறகு கூட்டத்தில் மறுத்துப் பேச ஆளில்லை. என்னைப் போன்ற வெளியாள் சொல்வதைச் சரிபார்க்கவும் ஆளில்லை.

கொறங்காட்டில் இதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். கொழுக்கட்டைப் புல் பல ஆண்டு நிற்கும் புல். அளவுக்கு மீறி மேய்ந்தால் அது தூர் தூராகச் செத்துப்போகும். அந்த இடத்தில் ஓராண்டுச் செடிகள் முளைக்கும். மழை பெய்தால் காடு பச்சையாகத்தான் தெரியும். கோடையில் மாட்டை விட்டுப் பார்க்கும்போதுதான் தீவனம் இல்லை என்பது புரியும்.

சேர்க்கத் தெரியும், காக்கத் தெரியாது

விவசாயிகளைக் குழுவாகச் சேர்ப்பதில் தமிழ்நாட்டுக்கு நீண்ட அனுபவம் உண்டு. 1960-களில் வானொலி வழியே பரவிய ஆடுதுறை 27 நெல்லைத் தஞ்சை விவசாயிகள் ‘ரேடியோ நெல்’ என்றே அழைத்தார்கள். 1982-ல் நபார்டு வங்கி தொடங்கிய தொண்டர் அமைப்பு, 2005-ல் உழவர் மன்றம் என்று பெயர் மாறியது. 2017-18-ல் தமிழக அரசு தொடங்கிய கூட்டுப் பண்ணையத் திட்டத்தில் 20 பேர் சேர்ந்தால் உழவர் ஆர்வலர் குழு, அப்படி ஐந்து குழுக்கள் சேர்ந்தால் 100 பேர் கொண்ட உழவர் உற்பத்தியாளர் குழு. அதற்கு இயந்திரங்கள் வாங்க 5 லட்சம் ரூபாய் நிதி தரப்பட்டது. சேர்ப்பதைப் பற்றி நாங்கள் நிறையப் பேசியிருக்கிறோம். சேர்ந்தவர் விலகும்போது அவரிடம் உள்ளதை எப்படி வாங்கி வைப்பது என்று பேசியது குறைவு.

ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் உத்திரமேரூரில் இதற்கு ஒரு வழி வைத்திருந்தார்கள். முதலாம் பராந்தகச் சோழன் காலத்து, 919 மற்றும் 921-ம் ஆண்டுக் கல்வெட்டுகள் குடவோலை முறையைச் சொல்கின்றன. ஏரி வாரியத்துக்கும் தோட்ட வாரியத்துக்கும் தேர்வானவர் 360 நாள் பொறுப்பில் இருப்பார். முந்தைய மூன்று ஆண்டுகளில் வாரியத்தில் இருந்தவர் பெயரைக் குடவோலையில் சேர்க்கக் கூடாது. நிலம் உள்ள பிராமணர் சபை அது, எல்லோருக்கும் இடம் தரவில்லை. ஆனாலும் அந்த விதியில் நமக்குப் பாடம் இருக்கிறது. ஏரியைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு ஆண்டுதோறும் கைமாறினால், ஏரியின் விவரம் தெரிந்தவர்கள் ஊரில் பலர் இருப்பார்கள். ஒருவர் போனால் அது அவரோடு போகாது.

பெரியவர் சொன்னது

மாடுகள் செத்த அடுத்த வாரம் பெரியவரைப் பார்க்கப் போனேன். கட்டுத்தரையில் சோளத்தட்டு நறுக்கிக்கொண்டிருந்தார். ஏன் வருவதில்லை என்று கேட்டேன்.

“ராத்திரி கண்ணு செரியாத் தெரியறதில்லீங்க அம்மிணி. அதுமில்லாம, நான் ஒண்ணு சொன்னா, அதெல்லாம் அந்தக் காலம்னு ஒரு தம்பி சொல்லுச்சு. செரி, நமக்கு வேலையில்லைன்னு இருந்துட்டேன். யாரும் வந்து கூப்புடவும் இல்லீங்க.”

சோளத்தைப் பற்றிக் கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். பூட்டை வாங்காத சோளத்தில் மாட்டை விட மாட்டார்களாம். காய்ந்த பயிரில் ஒரு மழைக்குக் கிளம்பும் துளிர்தான் எல்லாவற்றிலும் கெட்டது என்றார். ஆய்வுக்கூடத்தில் நாங்கள் அளந்து சொல்வதும் அதையேதான்.

மூத்தவர்கள் சொல்வதெல்லாம் சரி என்று நான் சொல்லவில்லை. மூச்சிரைக்கும் மாட்டுக்குப் புளிக்கரைசல் ஊற்றலாம் என்று அவரும் நம்புகிறார். அது தவறு என்று விளக்கினேன். இளைஞர்கள் கொண்டுவந்த நல்லவையும் உண்டு. செல்போனில் மழை முன்னறிவிப்பு பார்ப்பதும், பழுதான தீவனம் நறுக்கும் இயந்திரத்தைத் தாங்களே சரிசெய்வதும் அவர்களால்தான் நடக்கின்றன. இரண்டு தரப்பும் ஒரே இடத்தில் உட்கார்ந்தால்தான் ஒருவர் தவறை இன்னொருவர் திருத்த முடியும்.

உங்கள் குழுவில் என்ன செய்யலாம்?

ஒருவர் தொடர்ந்து இரண்டு கூட்டங்களுக்கு வரவில்லை என்றால், யாராவது வீட்டுக்கே போய்ப் பாருங்கள். போனில் கேட்டால் ‘வேலையாயிருக்கு’ என்ற பதில்தான் வரும்.

கூட்ட நேரத்தை ஒரே தரப்புக்காக வைக்காதீர்கள். முதலிபாளையம் பக்கத்துக் குழு இப்போது ஒரு மாதம் இரவிலும், அடுத்த மாதம் ஞாயிற்றுக்கிழமை காலையிலும் கூடுகிறது. காலைக் கூட்டம் யாராவது ஒருவரின் காட்டில் நடக்கும். பெரியவரை அழைத்துவர முறை வைத்து ஒருவர் வண்டி எடுக்கிறார்.

புதிதாகச் சேருபவரை ஒரு மூத்த உறுப்பினரோடு விதைப்பு முதல் அறுவடை வரை ஒரு முழுப் பட்டத்துக்குச் சேர்த்து விடுங்கள்.

பொறுப்புகளை ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுங்கள். கணக்கு எழுதுபவரும் இயந்திரம் பார்ப்பவரும் பல ஆண்டுகள் ஒருவராகவே இருந்தால், அவர் விலகும் அன்று குழு தடுமாறும்.

‘ஆகாதவை’ என்று ஒரு நோட்டு தொடங்குங்கள். எதை, எப்போது, எந்த நிலத்தில் செய்யக் கூடாது என்று மூத்தவர்கள் சொல்வதைத் தேதியோடு எழுதுங்கள். பிறகு கால்நடை மருத்துவரிடமோ வேளாண் அறிவியல் நிலையத்திலோ காட்டிச் சரிபாருங்கள். அந்தக் குழுவின் நோட்டில் முதல் பக்கம் சோளம். எழுதியவர், மாடுகளை இழந்த அதே இளைஞர்.

கடைசியாக, என்னைப் போன்றவர்கள் உங்கள் ஊருக்கு வந்து ஒரு ரகத்தையோ மருந்தையோ பரிந்துரைத்தால் தலையாட்டிவிட்டு அனுப்பாதீர்கள். ‘இது எப்போது ஆகாது?’ என்று கேளுங்கள். பதில் சொல்லாமல் எங்களை வண்டி ஏற விடாதீர்கள். இப்போது என் தாளில் அந்த வரி முதலில் இருக்கிறது. இருந்தும் ஓரத்தில் இருந்து, “அது செரிங்க அம்மிணி, ஆனா…” என்ற குரல் வந்த பிறகுதான் எனக்கு நிம்மதி.