பக்கத்து வீட்டு கரண்ட் பில்

கரண்டை மிச்சப்படுத்துங்கன்னு ஒரு வீட்டுக்காரர்கிட்ட சொல்லணும். என்ன காரணம் சொன்னா கேட்பார்?

அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தில் சான் மார்கோஸ்னு ஒரு ஊர். உளவியல் பேராசிரியர் ராபர்ட் சியால்டினியும் அவரது சகாக்களும் அங்கே வீட்டுக் கதவுகளில் அட்டை மாட்டிப் பார்த்தார்கள். சில வீடுகளுக்குக் காசு மிச்சமாகும்னு அட்டை. சில வீடுகளுக்குச் சுற்றுச்சூழல், சில வீடுகளுக்குச் சமூகப் பொறுப்பு. இன்னும் சில வீடுகளுக்கு, ‘உங்க ஊர்ல 77% பேர் கோடையில் ஏசிக்குப் பதிலா அடிக்கடி ஃபேன்தான் போடுறாங்க’. மீட்டரைப் பார்த்தால், இந்தக் கடைசிக் கூட்டம்தான் அதிகம் குறைத்திருந்தது. ஆனா அவங்ககிட்ட கேட்டப்போ, அந்த அட்டை தங்களைப் பெருசா தூண்டினதா அவங்களே நினைக்கலை! சாஃப்ட்வேர்ல இருக்கிறவங்களுக்கு இது பழகின கதை: யூசர் சொல்றது ஒண்ணு, லாக்ல இருக்கிறது வேற.

இதில் ஒரு சிக்கலும் இருக்கு. அதே ஊரில் நடந்து 2007-ல் வெளியான இன்னொரு ஆய்வில், ஒவ்வொரு வீட்டுக்கும் அதன் செலவையும் அக்கம்பக்கத்தின் சராசரியையும் எழுதிக் கொடுத்தார்கள். அதிகம் செலவழித்தவர்கள் குறைத்தார்கள். சரி. ஆனால் ஏற்கெனவே சிக்கனமாக இருந்தவர்கள் கூட்டிவிட்டார்கள். ‘ஓஹோ, நாமதான் அநாவசியமா கஷ்டப்படுறோமா?’ங்கிற மாதிரி. சராசரி ரெண்டு பக்கமும் இழுக்கும். இதற்கு அவர்கள் கண்டுபிடித்த மருந்து ரொம்ப எளிது: சிக்கனமான வீட்டு அட்டையில் ஒரு சிரிக்கும் முகம் வரைந்தார்கள். அந்த ஏற்றம் நின்றுபோனது.

ஓபவர் என்ற நிறுவனம் இதையே தொழிலாகச் செய்தது. அறிக்கை பெற்ற வீடுகளும் பெறாத வீடுகளுமாகச் சுமார் 6 லட்சம் வீடுகளை ஒப்பிட்டு, அறிக்கையால் சராசரியாக 2% மின்சாரம் குறைந்ததாக 2011-ல் ஹன்ட் ஆல்காட் என்ற பொருளாதார ஆய்வாளர் கணக்கிட்டார். அதிகம் செலவழித்த பத்தில் ஒரு பங்கு வீடுகளில் 6.3%. மிகக் குறைவாகச் செலவழித்தவர்களிடம் வெறும் 0.3%. சின்ன எண்தான், ஆனா விலையையும் ஏத்தலை, யாரையும் மிரட்டலை. அதுக்காக ‘இதுவே போதும், கட்டணக் கொள்கை வேண்டாம்’னு ஒரு அரசு சொன்னா நான் ஒத்துக்க மாட்டேன்.

சரி, பெரும்பாலானவங்க நல்லதைச் செய்யாத இடத்துல? 40 வீட்டு அபார்ட்மென்ட்ல 12 வீடுதான் குப்பையைப் பிரிக்குதுன்னு வைங்க. ‘28 வீடு பிரிக்கலை’ன்னு குரூப்ல திட்டிப் போட்டா, பிரிக்காம இருக்கிறதுதான் இங்கே வழக்கம்னு நாமே விளம்பரம் பண்ணின மாதிரி. பொய்யும் சொல்லக் கூடாது. ஸ்பார்க்மன், வால்டன் என்ற இருவர் 2017-ல் ஒரு வழி காட்டினார்கள்: எத்தனை பேர் செய்றாங்கன்னு சொல்லாம, எத்தனை பேர் மாறிட்டு வர்றாங்கன்னு சொல்லுங்க. உணவகத்தில் வரிசையில் நின்றவர்களிடம், 30% பேர் இறைச்சியைக் குறைக்க ஆரம்பிச்சிருக்காங்கன்னு படிக்கக் கொடுத்தபோது, இறைச்சி இல்லாத சாப்பாடு கேட்டவர்கள் 34%; 30% பேர் குறைக்கிறாங்கன்னு மட்டும் படித்தவர்களிடம் அது 17%தான்.

ஆக, அசோசியேஷன் செயலாளரா நீங்க இருந்தா, போன மாசம் 8, இந்த மாசம் 12 வீடுன்னு எழுதுங்க. அந்த 12 வீட்டுக்கும் ஒரு ஸ்மைலி.