மண்ணின் ஈரத்தை எழுதிவைக்கும் கருவி

ஒரு பலப் புழுதி கால் பலமாகுமாறு உழுத நிலத்தைக் காயவிட்டால், ஒரு பிடி எருவுமின்றிப் பயிர் செழிக்கும் என்று உழவு அதிகாரத்தில் வள்ளுவர் கூறுகிறார். மண்ணின் ஈரத்தை எடையால் அறியும் கருத்து நமக்குப் புதிதன்று என்பது இதனால் விளங்கும்.

இக்காலத்தில் அதனை மின்கருவிகள் அளக்கின்றன. கோயம்புத்தூர்க் கரும்பு இனப்பெருக்க நிறுவனம் உழவர்க்கென ஓர் ஈரங்காட்டியை ஆக்கியுள்ளது. மண்ணில் செருகினால் வண்ண விளக்கு எரியும். நீலம் நிறைந்த ஈரத்தையும், சிவப்பு உடனே நீர் பாய்ச்ச வேண்டும் என்பதையும் உணர்த்தும். அந்த வேளைக்கு அது போதும். மழை விட்டபின் எத்தனை நாளில் மண் காய்ந்தது என்று அறியவோ, அளவுகளை நேரத்தோடு தொடர்ந்து குறித்துவைக்கும் கருவி வேண்டும். அதுவே டேட்டா லாக்கர் எனும் பதிவுக்கருவி.

தெப்ராவில் எங்கள் பள்ளிக் கத்தரிப் பாத்திக்கு மிக மலிவான ஒன்றை வாங்கினோம். ஐந்து வாரங்களுக்குப்பின் பதிவை எடுத்துப் பார்த்தோம். இடையில் மின்கலம் ஓய்ந்து, கடிகாரம் முதல்நாளுக்கே திரும்பியிருந்தது. "ஐயா, எண் இருக்கிறது, எந்த நாளின் எண்?" என்று ஒரு மாணவி கேட்டாள். என்னிடம் விடை இல்லை.

ஆகவே வாங்குவோர் முதலில் கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். அதற்கெனத் தனியே ஒரு பொத்தான் மின்கலம் இருத்தல் இன்றியமையாதது.

இரண்டாவது, உணரியும் பதிவுக்கருவியும் ஒத்துப்போதல். சில உணரிகள் மின்னழுத்தத்தை மட்டும் தரும். சில, 1988-இல் வகுக்கப்பட்ட எஸ்.டி.ஐ.-12 முறையில் எண்ணாகவே அனுப்பும். அம்முறையில் ஒரே கம்பியில் பத்து உணரிகளை இணைக்கலாம். மின்னழுத்தத்தை ஆர்டுவினோ ஊனோ 1024 படிகளாகவும், ஈ.எஸ்.பி.32 4096 படிகளாகவும் பகுக்கும். படி மிகுந்தால் உண்மை மிகும் என்று எண்ணிவிடலாகாது.

மூன்றாவது, மின்சிக்கனம். மண் மெல்லவே காய்வதால் மணிக்கு ஒருமுறை அளந்தால் போதும். இடைநேரத்தில் கருவி உறங்க வேண்டும். பெட்டியும் காற்றுப் புகாததாக இருத்தல் நன்று. ஜொகூரின் ஈரக்காற்று மின்பலகையை எளிதில் கெடுத்துவிடும்.

உணரியிலும் கவனம் வேண்டும். இரு உலோக முனைகள் மண்ணில் வெளித்தெரியும் மலிவு வகை, மின்னோட்டத்தால் விரைவில் அரிக்கப்படும். மின்தேக்க வகையில் உலோகம் பூச்சுக்குள் மறைந்திருக்கும். நீரின் மின்காப்பு மாறிலி ஏறத்தாழ 80. மண்துகள்களுக்கோ சுமார் 5. இவ்வேறுபாட்டைக் கொண்டே அது ஈரத்தை உணர்கிறது.

எதை வாங்கினும் நம் மண்ணைக்கொண்டே அதனைச் சோதிக்க வேண்டும். உணரி காட்டும் எண்ணைக் குறித்துக்கொண்டு, அவ்விடத்து மண்ணை நிறுத்து, 105 பாகை செல்சியசில் 24 மணிநேரம் உலர்த்தி, மீண்டும் நிறுக்க வேண்டும். குறைந்த எடையே நீர். ஈர நிலையிலும் காய்ந்த நிலையிலும் பலமுறை இவ்வாறு செய்தால்தான் கருவியின் எண்ணுக்குப் பொருள் கிடைக்கும். இதற்குத் தராசும் உலர்த்தும் அடுப்பும் போதும். பக்கத்து இடைநிலைப் பள்ளியின் ஆய்வுக்கூடத்தில் கேட்டுப் பார்க்கலாம். மாணவர் கையாலேயே நிறுக்கட்டும். வள்ளுவர் சொன்ன பலக் கணக்கும் அப்போது அவர்களுக்கு எளிதில் விளங்கும்.