ஒளிவழி – 14: கடைசியாக வந்து சேரும் நிறம்

போன வாரம் எழுதியதைப் படித்துவிட்டு, பிளஸ் டூ படிக்கும் என் அக்கா மகள் பாடப் புத்தகத்தோடு வந்தாள். "மாமா, இந்தப் பக்கத்துல ஒளியோட வேகம் மாறாதுன்னு போட்டிருக்கு. இங்க பாருங்க, கண்ணாடிக்குள்ள சிவப்பு வேகமாப் போகும், ஊதா மெதுவாப் போகும்னு போட்டிருக்கு. பரீட்சையில எதை எழுதறது?"

"ரெண்டையும் எழுது" என்றேன். தப்பிக்கப் பார்க்கிறேன் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. கண்ணாடிக்குள் நடப்பதை முதலில் சொன்னேன்.

லென்ஸ் செய்யப் பயன்படும் கிரவுன் கண்ணாடியில் சிவப்பு ஒளிக்கு ஒளிவிலகல் எண் சுமார் 1.514, நீலத்துக்கு 1.522. மூன்றாவது தசம இடத்தில் இருக்கும் வித்தியாசம்தானே என்று தோன்றும். வெற்றிடத்தில் ஒளியின் வேகமான நொடிக்கு 2,99,792 கிலோமீட்டரை இந்த எண்களால் வகுத்துப் பார்த்தால், கண்ணாடிக்குள் சிவப்பு நீலத்தைவிட நொடிக்கு ஏறக்குறைய 1,000 கிலோமீட்டர் முந்துகிறது. பள்ளி ஆய்வகத்து முப்பட்டகம் சுவரில் வண்ணப் பட்டையை விரிப்பது இந்த வித்தியாசத்தால்தான்.

ஒளி அணுக்கள்மீது முட்டி மோதிப் போவதால் தாமதமாகிறது என்று சொல்லிக்கொடுப்பவர்கள் உண்டு. அது சரியில்லை. கண்ணாடியில் உள்ள எலக்ட்ரான்கள் ஊஞ்சல் மாதிரி. அவற்றுக்கென்று ஓர் ஆட்டத் தாளம் இருக்கிறது. அந்தத் தாளம் புறஊதாப் பகுதியில் விழுகிறது. அதற்குப் பக்கத்தில் இருக்கும் நீலமும் ஊதாவும் அவற்றை அதிகமாக ஆட்டுகின்றன. ஆடும் எலக்ட்ரான்கள் தாங்களும் அலை எழுப்புகின்றன. எல்லாம் சேர்ந்த அலை பின்தங்குகிறது. சிவப்பு தூரத்தில் இருப்பதால் அவ்வளவாக அகப்படுவதில்லை.

"சரி மாமா, கண்ணாடியே இல்லாத இடத்துல?"

இதே சந்தேகம் நியூட்டனுக்கும் வந்தது. சூரிய ஒளியை முப்பட்டகத்தால் பிரித்துக் காட்டியவர் அவர். (கண்ணாடிக்குள் ஒளி வேகமெடுக்கிறது என்றே அவர் நினைத்தார். அடர்ந்த ஊடகத்தில் ஒளி மெதுவாகவே போகிறது என்று 1850இல் தண்ணீரை வைத்துக் காட்டியவர் ஃபூக்கோ.) வெற்றிடத்திலும் நிறங்களின் வேகம் வேறுபடுமா என்று சோதிக்க, பூமியில் அன்று வசதி இல்லை. வானத்தில் இருந்தது. வியாழனின் நிலவுகள் அந்தக் கோளின் நிழலுக்குள் போய் மறைவதும் வெளிவருவதும் தவறாமல் நடப்பவை. அவற்றை வைத்துத்தான் 1676இல் ரோமர், ஒளி வந்துசேர நேரம் பிடிக்கிறது என்று கண்டுபிடித்தார்.

மதுரை மாட்டுத்தாவணியில் இரவு கடைசி எக்ஸ்பிரஸும் கடைசி சாதா பஸ்ஸும் ஒரே நேரத்தில் கிளம்புகின்றன என்று வையுங்கள். திருநெல்வேலியில் நிற்பவருக்கு எக்ஸ்பிரஸ் வரத்து முதலில் நின்றுபோகும். அதன்பிறகு கொஞ்ச நேரம் சாதா பஸ்கள் மட்டும் வந்துகொண்டிருக்கும். நிலவு மறையும்போதும் அப்படித்தான் ஆக வேண்டும். மெதுவான நிறம் எதுவோ அது கடைசியில் தனியாக வந்து சேரும். நீலம் மெதுவென்றால் நிலவு நீலமாகி மறையும். சிவப்பு மெதுவென்றால் சிவந்து மறையும்.

1691 ஆகஸ்டில் நியூட்டன், கிரீனிச்சில் இருந்த வானியலாளர் ஃபிளாம்ஸ்டீடுக்குக் கடிதம் எழுதினார். மறைவதற்குச் சற்று முன் நிலவின் ஒளி சிவப்புப் பக்கமோ நீலப் பக்கமோ சாய்கிறதா என்று விசாரித்தார். அடுத்த ஆண்டு பதில் வந்தது: அப்படி எந்த நிற மாற்றமும் கண்ணில் படவில்லை. பெரிய கருவி எதுவும் இல்லாமல் இவ்வளவு நுட்பமான கேள்வியைக் கேட்க முடிந்ததுதான் எனக்கு ஆச்சரியம்.

விவகாரம் அத்தோடு ஓயவில்லை. 1881இல் ஸ்காட்லாந்தில் ஜேம்ஸ் யங், ஜார்ஜ் ஃபோர்ப்ஸ் என்ற இருவர், காற்றில் நீல ஒளி சிவப்பைவிட 1.8 சதவீதம் வேகம் என்று அறிவித்தார்கள். கண்ணாடியில் நடப்பதற்கு நேர் எதிர்! இயற்பியலாளர் ராலே பிரபு இதை ஏற்கவில்லை. அவரும் வியாழனின் நிலவுகளையே சாட்சிக்கு அழைத்தார். கணக்கு நாமே போடலாம். வியாழன் பூமிக்கு மிக அருகில் இருக்கும்போதும் அதன் ஒளி இங்கு வர அரை மணிக்கு மேலாகும். அதில் 1.8 சதவீதம் என்றால் அரை நிமிடத்துக்கும் மேல். அத்தனை நேரம் நிறம் மாறி நின்றால் யார் கண்ணுக்கும் தப்பாது. அமெரிக்காவில் மைக்கேல்சன், ஒளியின் வேகத்தை அளக்கும் தன் கருவியில் ஒளி நுழையும் பிளவின் பாதியைச் சிவப்புக் கண்ணாடியால் மூடி அளந்தார். நிறங்களின் வேகம் வேறாக இருந்தால் பிம்பத்தின் இரு பாதிகளும் விலகி நிற்க வேண்டும். ஒரே கோட்டில் நின்றன.

நம் காலத்தில் சோதனை இன்னும் கறாரானது. 2009 மே 10 அன்று ஃபெர்மி விண்தொலைநோக்கி ஒரு காமா கதிர் வெடிப்பைப் பதிவுசெய்தது. 700 கோடி ஆண்டுகளுக்கு மேல் பயணம் செய்து வந்த ஒளி அது. நிறம் மாறுவது என்றால் ஒளியின் ஆற்றல் மாறுவதுதான். அதிலிருந்த மிக அதிக ஆற்றல் கொண்ட ஃபோட்டான், வெடிப்பின் மற்ற ஒளி வரத் தொடங்கி ஒரு நொடிக்குள் வந்துவிட்டது.

அக்கா மகளிடம், "'வெற்றிடத்தில்'ங்கிற சொல்லை மட்டும் விட்டுடாதே, மார்க் போயிடும்" என்று சொல்லி அனுப்பினேன்.

உங்கள் ஊர்ப் பள்ளியிலோ அறிவியல் மன்றத்திலோ ஒரு சின்னத் தொலைநோக்கி இருந்தால், வியாழனின் அயோ நிலவு நிழலுக்குள் போகும் நேரத்தைக் கேட்டறிந்து ஒருநாள் பாருங்கள். சில நிமிடங்களில் அது மங்கி மறையும். ஃபிளாம்ஸ்டீட் கண்டதையே நீங்களும் காண்பீர்கள்: ஒளி குறையும், நிறம் மாறாது.

(தொடரும்)