மலைவழி நெட்டோட்டப் பயிற்சி

ஓட்டப்பந்தயம் என்று கூறிய அளவில் நம் மாணவர்களின் மனக்கண்முன் தோன்றுவன, சுண்ணக் கோடிட்ட மைதானமும், கைத்துப்பாக்கியின் ஓசை கேட்டுப் பாய்ந்தோடும் இளைஞரும், சில விநாடிகளில் முடிந்துவிடும் போட்டியுமேயாம். அவ்வோட்டத்தில் விரைவே வெற்றி. ஆனால், தொடக்கத்தில் விரைந்தவன் தளர்ந்து வீழ, நிதானித்தவன் எல்லையை அடையும் ஓட்டம் ஒன்றும் உலகில் உண்டு. ஒரு பகலும் ஓர் இரவும், பலர்க்கு இரண்டாம் இரவும், மலையேறியும் இறங்கியும் முடிக்கவேண்டிய அதனை மலைவழி நெட்டோட்டம் எனலாம். அப்பந்தயத்தைக் காட்டிலும், அதன்பொருட்டு வழிகாட்டியின் துணையோடு சில நாட்கள் தொடர்ந்து செய்யப்படும் பயிற்சியே நம்மனோர் ஆராய்தற்குரியது. அதனை விளக்குதலே யாம் ஈண்டு மேற்கொண்ட பணி.

மாரத்தான் ஓட்டத்தின் தூரம் 42.195 கிலோமீட்டர் என்பது யாவரும் அறிந்ததே. அதனினும் மிக்க தூரம் ஓடுதலை அல்ட்ரா ஓட்டம் என்பர். மலைப்பாதையில் நிகழும் அத்தகைய ஓட்டங்களுள் பெரும்புகழ் வாய்ந்தது, ஐரோப்பாவின் ஆல்ப்ஸ் மலைத்தொடரில் மான் பிளாங்க் என்னும் சிகரத்தைச் சுற்றி நிகழ்வது. வெண்மலை என்பது அப்பெயரின் பொருள். ஏறத்தாழ 4,806 மீட்டர் உயரமுள்ள அச்சிகரத்தின் அடிவாரத்தில், பிரான்சு நாட்டின் ஷமொனீ என்னும் ஊரில் ஓட்டம் தொடங்குகிறது. இத்தாலியையும் சுவிட்சர்லாந்தையும் கடந்து மீண்டும் அவ்வூரிலேயே முடிகிறது. தூரம் 170 கிலோமீட்டருக்கு மேற்பட்டது. வழியிலுள்ள ஏற்றங்கள் அனைத்தையும் கூட்டினால் ஏறத்தாழ 10,000 மீட்டர் ஆகும். நம் நீலகிரியின் தொட்டபெட்டாவோ 2,637 மீட்டர் உயரமுடையது. கடல் மட்டத்திலிருந்து அதன் உச்சிக்கு நான்கு முறை ஏறியிறங்குவதற்குச் சிறிதே குறைந்த உழைப்பு இது என்று உணர்க. இதனை முடித்தற்கு அண்மை ஆண்டுகளில் வகுத்துள்ள கால எல்லை 46½ மணி.

இவ்வோட்டம் முதன்முதல் நிகழ்ந்தது 2003-ஆம் ஆண்டில். ஏறத்தாழ எழுநூறு பேர் புறப்பட்டனர். முழுச்சுற்றையும் முடித்தவரோ 67 பேரே. முதலில் வந்தவர் நேபாளத்தில் பிறந்த தாவா ஷெர்ப்பா என்பார். அவர் எடுத்துக்கொண்ட காலம் 20 மணி 5 நிமிஷம். எஞ்சியோர் வலிமையற்றவர் என்று கருதுதல் தவறு. மழையும் குளிரும் இரவும் ஏற்றமும் ஒருங்கே வந்து தாக்கியபோது, சமவெளியில் ஈட்டிய வலிமை அவர்களுக்குப் போதவில்லை. மலையை மலையிலேதான் கற்கவேண்டும் என்பது அன்று புலனாயிற்று.

அக்கல்விக்குரிய பள்ளியே யாம் கூறவந்த பயிற்சி. பந்தயம் ஆகஸ்டு மாத இறுதியில் நிகழ்வதாதலின், அதற்குப் பல வாரங்கள் முன்னரே, பனி உருகிய பின்னர், சிறு சிறு குழுவினர் வழிகாட்டி ஒருவருடன் அதே பாதையில் புறப்படுவர். நடந்து செல்வோர் அச்சுற்றை முடிக்க ஏழு முதல் பதினொரு நாள் வரை ஆகும். பயிற்சி பெறுவோர் மூன்று அல்லது நான்கு நாட்களில் முடிப்பர். நான்கு நாட்களாகப் பகுக்கின், ஷமொனீயிலிருந்து லே ஷாப்பியூ வரை முதல் நாள். அங்கிருந்து இத்தாலியின் கூர்மயோர் வரை இரண்டாம் நாள். அங்கிருந்து சுவிட்சர்லாந்தின் ஷாம்பே ஏரிக்கரை வரை மூன்றாம் நாள். மீண்டும் ஷமொனீ வரை நான்காம் நாள் என அமையும். நாள்தோறும் முப்பது முதல் ஐம்பது கிலோமீட்டர் செல்வர். இரவில் மலைவிடுதியில் உண்டு உறங்குவர்.

முதல் நாள் கற்கும் பாடம், வியப்பாகத் தோன்றினும், நடத்தலேயாகும். செங்குத்தான ஏற்றத்தில் ஓடுபவனுக்கும் விரைந்து நடப்பவனுக்கும் வேகத்தில் வேறுபாடு சிறிது. உழைப்பில் வேறுபாடு பெரிது. ஆதலின் வழிகாட்டி ஏற்றம் வந்ததும் நடக்கத் தொடங்குவார். இளைஞர் சிலர் அவரை முந்திச் செல்ல விழைவர். அவர் தடுப்பதில்லை, பேச்சுக் கொடுப்பார். முழு வாக்கியமாக மறுமொழி கூற இயலாமல் மூச்சிரைப்பவன் அளவு மீறினான் என்பதே அவருடைய அளவுகோல். கடிகாரக் கருவி எதுவும் இதனினும் எளிதாக உண்மையைக் காட்டுவதில்லை.

மலையில் தூரத்தைக் கொண்டு காலத்தைக் கணித்தலும் பிழைபடும். 1892-ஆம் ஆண்டில் ஸ்காத்லாந்து நாட்டு மலையேறுநரான நெய்ஸ்மித் என்பார் ஒரு விதி வகுத்தார். நடக்கும் மூன்று மைலுக்கு ஒரு மணியும், ஏறும் ஒவ்வோர் 2,000 அடிக்கும் மேலும் ஒரு மணியும் கொள்க என்பதே அவ்விதி. சுவிட்சர்லாந்தின் மலைப்பாதைகளில் நட்டுள்ள மஞ்சள் நிறக் கைகாட்டிகளும் அடுத்த ஊருக்குரிய தூரத்தைக் கூறாமல், செல்லவேண்டிய நேரத்தையே கூறுகின்றன. எத்தனை மைல் என்று கேட்பதை விடுத்து, எத்தனை நாழிகை, எவ்வளவு ஏற்றம் என்று கேட்கப் பழகியவனே மலையைக் கற்கத் தொடங்கியவன்.

ஏற்றம் மூச்சைச் சோதிக்கும். இறக்கம் தசையைச் சோதிக்கும். இறங்கும்போது உடலின் பாரத்தைத் தடுத்து நிறுத்துவது தொடையின் முன்புறத் தசை. அது சுருங்க முயன்றுகொண்டே நீட்டப்படுகிறது. அந்நிலையில் அதன் நுண்ணிய இழைகள் சிதைவுறுகின்றன. மறுநாளும் அதன் மறுநாளும் தோன்றும் வலிக்குக் காரணம் இதுவே. ஆனால், ஒருமுறை இவ்வாறு வருந்திய தசை, ஆறிய பின்னர்ப் பல வாரங்கள் வரை அதே வகைச் சிதைவுக்கு எளிதில் ஆட்படுவதில்லை. பந்தயத்திற்குப் பல வாரங்கள் முன்னரே நீண்ட இறக்கங்களைப் பழகுவதன் நியாயம் இப்போது விளங்கும். பின்னே சாயாமலும், நீண்ட அடி வைக்காமலும், குறுகிய அடிகளை விரைந்து வைத்து, கண்ணைக் காலடியில் நிறுத்தாமல் சில அடிகளுக்கு முன்னே செலுத்தி இறங்குமாறு வழிகாட்டி கற்பிப்பார்.

2009-ஆம் ஆண்டுப் பந்தயத்தில் ஓடிய 22 பேரைப் பிரெஞ்சு நாட்டு ஆராய்ச்சியாளர் சோதித்தனர். ஓட்டத்தின் முடிவில், முழங்காலை நீட்டும் தசைகளின் வலிமை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. அக்குறைவு முழுவதும் தசையில் மட்டும் நேர்ந்ததன்று. மூளை இடும் கட்டளையே தளர்ந்தமையும் ஒரு காரணம் எனக் கண்டனர். களைப்பு என்பது காலுக்கு மட்டும் உரியதன்று என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

இரண்டாம் நாட் காலை வேறொரு பாடம் கற்பிக்கிறது. முதல் நாள் துள்ளிய கால்கள் இன்று படியிறங்கவும் கூசும். அந்நிலையிலேயே 2,516 மீட்டர் உயரமுள்ள சேன்யு கணவாயை ஏறிக் கடந்து இத்தாலிக்குள் புகவேண்டும். பந்தயத்தின் பிற்பாதியில் உடல் எந்நிலையில் இருக்கும் என்பதை, ஒரே மூச்சில் முழுத்தூரமும் ஓடி உடலைக் கெடுத்துக்கொள்ளாமல் அறிந்துகொள்ளும் உபாயம் இதுவே. இடையிடையே உறங்கி உண்டு, களைத்த உடலோடு மீண்டும் புறப்படுதலில்தான் பல நாட் பயிற்சியின் உயிர்நிலை அடங்கியுள்ளது.

உணவுப் பயிற்சியும் இந்நாளில் இன்றியமையாதது. தசையிலும் ஈரலிலும் நம் உடல் சேமித்துள்ள மாவுச்சத்து ஏறத்தாழ 500 கிராம். அது தரும் ஆற்றல் ஏறத்தாழ 2,000 கலோரி. சில மணி நேரத்தில் தீர்ந்துபோகும் அச்சேமிப்பை நம்பி இரண்டு நாள் ஓடவியலாது. ஆகவே மணிக்கு 30 முதல் 60 கிராம் வரை மாவுச்சத்தை உண்டுகொண்டே செல்லவேண்டும். பழகிய வயிறு 90 கிராம் வரையும் ஏற்கும். பழகாத வயிறோ குமட்டி வெளித்தள்ளும். காலைப் போலவே வயிற்றையும் பயிற்றவேண்டும் என்பது பலர் அறியாத உண்மை. நீரையும் தாகத்திற்கேற்பவே பருகவேண்டும். அளவின்றிப் பருகினால் இரத்தத்தில் உப்பின் விகிதம் தாழ்ந்து மூளை வீங்கி உயிருக்கே கேடு நேரலாம். வலியை மறைக்க மாத்திரை விழுங்கி ஓடுதல் சிறுநீரகத்திற்குத் தீங்கு. அதனையும் வழிகாட்டிகள் கண்டிக்கின்றனர்.

மூன்றாம் நாளுக்குரியது 2,537 மீட்டர் உயரமுள்ள பெரிய ஃபெரே கணவாய். தொட்டபெட்டாவினும் நூறு மீட்டர் தாழ்ந்ததேயெனினும், அங்கு வீசும் காற்று வேறு. ஆயிரம் மீட்டர் ஏறுந்தோறும் வெப்பம் ஏறத்தாழ 6.5 பாகை குறையும் என்பது பொதுவிதி. கூர்மயோரில் வெயிலில் வியர்த்தவன், கணவாயின் உச்சியில் நனைந்த சட்டையோடு நடுங்குவான். ஓடும்வரை உடல் தானே வெப்பத்தை உண்டாக்கும். களைத்து நடை தளர்ந்ததும் அவ்வுலை அவிந்துவிடும். அப்போது விரல்கள் முடிச்சவிழ்க்க மறுக்கும், நாக்குக் குழறும், பின்னர் அறிவும் மயங்கும். குளிரால் மயங்கியவன் தான் மயங்கியதை அறியான். ஆதலாற்றான் அருகில் மற்றொருவர் இருத்தல் வேண்டும். மழைச்சட்டை, வெப்பங்காக்கும் மெல்லிய போர்வை, ஊதல், நெற்றிவிளக்கு, கட்டுத்துணி, சிறிது உணவு ஆகியவற்றை முதுகுப்பையில் வைத்துக்கொள்ளாதாரை வழிகாட்டி விடுதியினின்றும் புறப்பட விடுவதில்லை.

இதனைச் சிறுபிள்ளைக்குரிய எச்சரிக்கை என்று எண்ணுவோர் சீன நாட்டில் நிகழ்ந்ததை நினைத்தல் வேண்டும். 2021-ஆம் ஆண்டு மே மாதம் 22-ஆம் நாள், கான்சு மாகாணத்தில் 100 கிலோமீட்டர் மலையோட்டத்திற்கு 172 பேர் புறப்பட்டனர். நண்பகலில் ஆலங்கட்டியும் உறைமழையும் பெருங்காற்றும் திடீரெனச் சூழ்ந்தன. பலர் மெல்லிய உடையினராய் இருந்தனர். காற்றைத் தடுக்கும் சட்டை அங்குக் கட்டாயமாக்கப்படவில்லை. 21 பேர் மாண்டனர். அவருள் அந்நாட்டின் தலைசிறந்த ஓட்டக்காரரும் சிலர். அவ்வழியே ஆடு மேய்த்திருந்த ஒருவர், தாம் ஒதுங்கியிருந்த குகைக்கு ஆறு பேரைக் கொண்டுவந்து, தீ மூட்டி உயிர் காத்தார். மாண்டவர்க்குக் கால் வலிமை குறைவாக இருந்ததில்லை. திரும்பவேண்டிய நேரத்தைச் சொல்ல அங்கு எவரும் இல்லை.

அந்நேரத்தைச் சொல்லுதலே வழிகாட்டியின் தலையாய தொழில். ஷமொனீ மக்கள் இதனை விலைகொடுத்துக் கற்றனர். வெண்மலையின் உச்சியை முதன்முதல் அடைந்தவர், 1786-ஆம் ஆண்டு ஆகஸ்டு 8-ஆம் நாள், மிஷேல் பக்கார் என்னும் மருத்துவரும் ஜாக் பல்மா என்பாரும் ஆவர். அதன்பின் 1820-இல் ஹாமெல் என்னும் அறிஞர் ஒருவர் மலையேற வந்தார். வானிலையைக் கண்டு வழிகாட்டிகள் தயங்கவும், அவர் வற்புறுத்தினார் என்பர். பனிச்சரிவு வீழ்ந்து வழிகாட்டிகள் மூவர் மறைந்தனர். அத்துயரின் விளைவாகவே அடுத்த ஆண்டில், 1821-இல், ஷமொனீ வழிகாட்டிகள் சங்கம் தோன்றியது. இறந்தோர் குடும்பங்களுக்கு உதவும் நிதியும் அமைந்தது. இக்காலத்தில் பனிப்பாறையும் கயிறும் இல்லாத பாதைகளில் வழித்துணையாகச் செல்வோரும் பிரான்சு நாட்டில் அரசாங்கச் சான்றிதழ் பெற்றிருத்தல் வேண்டும். குழுவிலுள்ளோர் கட்டணம் செலுத்தியவரே. எனினும், திரும்புக என்று அவர் கூறினால் திரும்பவே வேண்டும்.

பந்தய அதிகாரிகளும் இதற்கு விலக்கல்லர். 2010-ஆம் ஆண்டில் கடும் வானிலை கண்டு, தொடங்கிய ஓட்டத்தை இடையிலேயே நிறுத்தினர். 2012-இல் உயர்ந்த கணவாய்களை விலக்கி ஓட்டத்தைச் சுருக்கினர். ஆண்டு முழுதும் உழைத்து வந்தவர்க்கு அது பெருந்துயரமே. ஆயினும், இழந்த பந்தயம் மீண்டும் வரும்.

நான்காம் நாள் விடியுமுன்னரே ஷாம்பேயினின்றும் புறப்படுவர். நெற்றிவிளக்கின் ஒளியில் கல்லும் அதன் நிழலும் ஒன்றுபோல் தோன்றும்; காலை எங்கு வைப்பது என்று அப்போதுதான் புதிதாய்க் கற்கவேண்டும். எஞ்சியுள்ள ஏற்றங்கள் மூன்று. முதல் நாள் வழிகாட்டியை முந்தியவர் பலர், இன்று அவருக்குப் பின்னே, அவர் அடிவைத்த இடத்திலேயே அடிவைத்துச் செல்வர். மாலையில் ஷமொனீயின் மணிக்கூண்டு கண்ணிற்படும்போது, அவர்களுக்குப் பதக்கமும் இல்லை, வரவேற்போரும் இல்லை. தம் அளவு இன்னதென்று அறிந்த அறிவு ஒன்றே அவர்கள் ஈட்டிய பொருள்.

இத்தகைய பயிற்சி யாவர்க்கும் ஏற்றதென்று யாம் கூறவில்லை. பல மாதங்கள் படிப்படியாக ஓடிப் பழகாதவரும், மருத்துவர் இசைவு பெறாதவரும் இதில் இறங்குதல் தீது. இத்துணைத் துன்பம் எற்றுக்கு என்று வினவுவோரும் உளர். அவர்க்கு யாம் கூறும் விடை ஒன்றே. விரைதலை எவரும் கற்பிக்கலாம். ஆற்றல் எஞ்சியிருக்கும்போதே அடங்குதலையும், ஆசை மிக்கிருக்கும்போதே திரும்புதலையும் கற்பிக்கும் பள்ளிகள் மிகச் சிலவே. மலைப்பாதை அவற்றுள் ஒன்று. தேர்வு, தொழில், பொதுப்பணி எனப் பல மலைகளை ஏறப் புறப்படும் நம் மாணவர்கள், புறப்படும் முன்னர்த் தம் அளவறிந்து, வழியறிந்தாரைத் துணைக்கொள்வாராக.