தொழுதா என்ன கிடைக்கும்?

நண்பர்களே, போன செமஸ்டர்ல ஒரு நாள் சாயங்காலம். ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் ரிப்போர்ட் எழுத என் டீம்மேட் தென்னூர்ல எங்க வீட்டுக்கு வந்திருந்தான். அன்னைக்குக் காலையிலதான் மூணாவது கம்பெனி லிஸ்ட்லயும் என் பேர் வரல. மஃரிப் பாங்கு கேட்டுச்சு, லேப்டாப்பை மூடிட்டு எழுந்தேன். அவன் கேட்டான்: "மச்சி, தினமும் அஞ்சு வேளை தொழுறியே, அப்படி என்னடா கிடைச்சுது உனக்கு?"

கிண்டல் இல்ல, நிஜமாவே தெரிஞ்சுக்கத்தான் கேட்டான். ஆனா எனக்கு அப்போ பதில் சொல்லத் தெரியல. இப்போ எழுதிப் பார்க்கிறேன்.

முதல்ல தெரியாதவங்களுக்காகச் சில அடிப்படை விஷயங்கள். சுபுஹு, லுஹர், அஸர், மஃரிப், இஷா, இவைதான் ஐந்து நேரத் தொழுகைகள். நிற்பது, குனிவது, நெற்றியைத் தரையில் வைப்பது, இது சேர்ந்த ஒரு சுற்றுக்கு ரக்அத் என்று பெயர். கட்டாயமானவை மட்டும் 2, 4, 4, 3, 4 என்று ஒரு நாளைக்கு 17 ரக்அத். ஒவ்வொரு ரக்அத்திலும் 2 ஸஜ்தா. அதாவது தினமும் 34 தடவை நெற்றி தரையைத் தொடும். எல்லாம் சேர்த்து ஒரு மணி நேரத்துக்குள்ள முடிஞ்சிடும். நம்ம இன்ஸ்டாகிராம் நேரத்தை விடக் கம்மிதான்!

இந்த நேரங்களை முடிவு பண்றது கடிகாரம் இல்ல, சூரியன். சூரியன் உச்சி சாய்ந்ததும் லுஹர். திருச்சியில உச்சி நேரம் பிப்ரவரியில 12.30-ஐ ஒட்டி வரும், நவம்பர் தொடக்கத்துல 12 மணிக்கே வந்துடும். ஒரு கம்பை நட்டு வைங்க. உச்சி நேர நிழலைக் கழிச்சுட்டு, மீதி நிழல் கம்போட உயரத்துக்குச் சமமானா ஷாஃபி மத்ஹப் படி அஸர் ஆரம்பம். ஹனஃபி மத்ஹப் படி இரண்டு மடங்கு ஆகணும். திசையும் 'சும்மா மேற்கு' இல்ல. திருச்சியில இருந்து மக்காவைப் பார்க்க, மேற்கிலிருந்து சுமார் 21 டிகிரி வடக்கே திரும்பணும்.

இதையெல்லாம் ஏன் சொல்றேன்னா, தொழுகையோட முதல் பலன் இங்கதான் இருக்கு. நேரம் என் கையில இல்ல. மூடு நல்லா இருந்தா தொழலாம், இல்லைன்னா அப்புறம் பார்க்கலாம் என்பது கிடையாது. ஒரு நாள் மொத்தத்தையும் ஒரே கவலை விழுங்கிடாம, ஐந்து இடத்துல அது வெட்டப்படுது. காலையில ரிஜெக்ட் ஆனவன் மதியம் லுஹர்ல நிக்கிறான். அந்த பத்து நிமிஷம் அவன் 'செலக்ட் ஆகாதவன்' இல்ல, இறைவன் முன்னாடி நிக்கிற ஒரு மனுஷன், அவ்வளவுதான். பிரச்சினை அங்கேயேதான் இருக்கும், திரும்பி வந்து பார்க்கிற நான் கொஞ்சம் மாறியிருப்பேன்.

இரண்டாவது, ஸஜ்தா. நம்ம உடம்புல நாம ரொம்ப மதிக்கிறது தலையைத்தான். மார்க், சிஜிபிஏ, திமிரு எல்லாம் அதுக்குள்ளதான் இருக்கு. அதைத் தரையில வைக்கும்போது 'நான்' என்பது சுருங்குது. பள்ளிவாசல் வரிசையில இது இன்னும் நல்லா புரியும். அங்கே ரிசர்வ்டு சீட் கிடையாது. ஆட்டோ ஓட்டுறவர், டாக்டர், அரியர் வச்சிருக்கிற நான், எல்லாரும் தோளோடு தோள். முன்னாடி வந்தவர் முன் வரிசை. கோட்டை ரயில் நிலையம் பக்கத்துல ஒரு சின்னக் கல் பள்ளிவாசல் இருக்கு. ஹிஜ்ரி 116, அதாவது கி.பி. 734-ஐச் சேர்ந்ததுன்னு சொல்வாங்க. இந்த ஊர்ல எத்தனை தலைமுறை இதே வரிசையில நின்னிருக்கும்னு யோசிச்சா, என் கவலை ரொம்பச் சின்னதாத் தெரியுது.

நபிகள் நாயகம் (ஸல்) தொழுகைக்கு ஒரு உவமை சொன்னாங்க. வீட்டு வாசல்ல ஆறு ஓடி, அதுல தினமும் ஐந்து தடவை குளிக்கிறவர் மேல அழுக்கு மிஞ்சுமா என்பது அதோட கருத்து. திருச்சிக்காரங்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். காவிரியில ஒரு முங்கு போட்டுட்டு வந்தா எப்படி இருக்கும்னு நமக்குத் தெரியும். ஆனா கவனிங்க, ஒரு தடவை குளிச்சா போதும்னு உவமை சொல்லல. அழுக்கு தினமும் சேரும், அதனால தினமும் கழுவணும்.

இப்போ உண்மையையும் சொல்லிடறேன். தொழும்போது என் மனசு பாதி நேரம் ப்ராஜெக்ட் கோட்ல இருக்கும். சுபுஹு எத்தனையோ நாள் தூக்கத்துல போயிருக்கு, எழுந்து களாவாத் தொழுதிருக்கேன். 'தொழுகை நல்ல எக்சர்சைஸ்'னு சிலர் சொல்வாங்க. உடம்புக்கு நல்லதாவே இருக்கட்டும், ஆனா அதுக்காகத் தொழுறது இல்ல. தொழுகை கெட்ட செயல்களிலிருந்து தடுக்கும்னு குர்ஆன் சொல்லுது. அப்போ, தொழுதுட்டு வந்து ஜூனியரை மட்டம் தட்டினா, குறை தொழுகையில இல்ல, நான் தொழுத விதத்துல. ஐந்து வேளையும் எனக்கு நானே வைக்கிற இன்டர்னல் டெஸ்ட் மாதிரி அது.

இது கொடுமையான சட்டமும் இல்ல. நிற்க முடியாதவர் உட்கார்ந்து தொழலாம், அதுவும் முடியாதவர் படுத்துத் தொழலாம். தண்ணீர் இல்லைன்னா ஒளுவுக்குப் பதிலா தயம்மும். பயணத்துல 4 ரக்அத்தை 2 ஆகச் சுருக்கலாம். எந்த நிலையிலும் தொடர்பு அறுந்துடக் கூடாது என்பதுதான் நோக்கம்.

தொழுகையை விட்டுட்ட முஸ்லிம் நண்பர்களே, 'திருந்தினப்புறம் தொழலாம்'னு காத்திருக்காதீங்க. அடுத்த பாங்குக்கு எழுந்திருங்க, போதும். மத்த நண்பர்களே, லேப்ல இருந்து உங்க டீம்மேட் பத்து நிமிஷம் காணாம போனா, கோவிச்சுக்காதீங்க. கொஞ்சம் நல்ல மூடோட திரும்பி வருவான்.

என் டீம்மேட்டுக்குப் பதில் இதுதான்: மச்சி, தொழுததுனால வேலை கிடைக்கல, இன்னும் தேடிட்டுத்தான் இருக்கேன். ஆனா ஒவ்வொரு ரிஜெக்‌ஷனுக்கு அப்புறமும் எழுந்து நிற்க ஒரு இடம் கிடைச்சிருக்கு. நாளைக்கு நாலாவது இன்டர்வியூ. அதுக்கு முன்னாடி சுபுஹுக்கு எழுந்திருக்கணும், துஆ பண்ணுங்க.